காலியில்லாத கதிரைகள்

ரொசாலியா சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருந்த நான்கு கதிரைகளையும் ஒவ்வொன்றாக வாயால் ஊதினாள். ஒன்றிலும் உட்காரவில்லை.

ஊதுவது நிரூபாவுக்குப் புதிதல்ல. இந்தக் கிழவியைப் பராமரிக்க வந்த நாள்முதல், ஒவ்வொரு வருசமும் யேசு பிறந்த நத்தாருக்கு முந்தின நாளில் அவள் இப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறாள். உப்புச் சுரங்க வேலைக்கு வந்த போலந்துக்காரர் பரம்பரை பரம்பரையாகப் போலிஷ் பேசிக்கொண்டே தங்கிவிட்ட ஒரு ருமேனிய மலைக் கிராமம் அவளுடையது. சுரங்கத்துக்குள் போய்த் திரும்பாதவர்கள் அந்த நாளில் வீடு வந்து கதிரைகளில் இருப்பார்களாம். ஊதி எழுப்பிவிட்டுத்தான் மற்றவர்கள் உட்கார வேண்டுமாம்.

நிரூபாவின் எரிச்சல் வேறு. அடுத்த ஷிப்டுக்கு அவளை மாற்றிவிட வரவேண்டிய றீற்றாவை இன்னும் காணவில்லை. நகரத்தின் மறு கோடியில், மோர்னிங்சைட்டில், பிள்ளையை விட்டிருக்கும் டேகெயார் ஆறு மணிக்குப் பூட்டிவிடும். இன்னொரு தரம் பிந்தினால் மகள் சாம்பவிக்கு அங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கிழவியைத் தனியே விட்டுப் போனாலோ, வேலை போய்விடும்.

"இந்தா வந்திட்டன், அஞ்சே அஞ்சு நிமிசம்" என்றாள் றீற்றா போனில்.

"உந்த அஞ்சு நிமிசத்தை எத்தினை தரம் சொல்லிப்போட்டியள், அக்கா?"

"என்னோட ஏன் கத்துறாய்? ஸ்னோவை நானோ கொட்டுறன்?"

பார்க்டேலில் ரொசாலியாவின் பழைய செங்கல் வீட்டில் பின்னேரமே இருட்டிவிட்டது. அடுப்பில் கொதித்த பீட்ரூட் சூப்பின் புளித்த வாசத்தை மெல்ல மெல்ல அமுக்கிக்கொண்டு, நனைந்த கல்லும் விளக்குக் கரியும் சேர்ந்த ஒரு குளிர்ந்த வாடை, எந்தக் கதவும் திறக்காமலே, மேசைக்கு அடியிலிருந்து எழும்பி வந்தது. ஆளில்லாத கதிரை ஒன்று, யாரோ கால் மாற்றிப் போட்டது போல முனகியது.

கிழவி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினாள்.

"எழும்புகிறார்கள் இல்லை" என்றாள் உடைந்த ஆங்கிலத்தில். "இடம் தரமாட்டார்களாம்."

விழுந்தால் அதற்கும் நிரூபாதான் பதில் சொல்ல வேண்டும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இங்கே ஒருவரும் இல்லை, பாருங்கோ!" என்று பக்கத்துக் கதிரையை இழுத்து, ஊதாமல், பொத்தென்று இருந்தாள்.

கதிரை சூடாக இருந்தது.

பலகை இல்லை. தொடைகளுக்குக் கீழே இரண்டு முழங்கால்கள்.

எழும்பப் பார்த்தாள். முடியவில்லை. நாக்கில் உப்பு. கூப்பிட வாய் திறந்தாள். சத்தம் இல்லை. பின்னாலிருந்து இடுப்பைச் சுற்றி ஏதோ இறுகியது.

ரொசாலியா, வெறும் கதிரையைப் பார்ப்பது போல, அவளை நேரே பார்த்தாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"பிள்ளை? எங்கே போனாய்?"

நிரூபாவின் பொக்கெற்றில் போன் அதிர்ந்தது. டேகெயார். கை அசையவில்லை.

வாசல் கதவில் திறப்பு திரும்பியது. றீற்றா பனியை உதறிக்கொண்டு வந்தாள்.

"பார், கிழவியைத் தனிய விட்டிட்டு ஓடிட்டாள்! ரெண்டு நிமிசம் பொறுக்கேலாதாம் மகாராணிக்கு."

ஈரக் கோட்டைக் கழற்றினாள். கதிரை முதுகில் போடுவது போல நிரூபாவின் தோள்களில் மாட்டினாள். கோட்டின் வெறுங்கைகள் இரண்டும் நிரூபாவின் நெஞ்சில் தொங்கிச் சொட்டின.

"அப்பாடா" என்று முதுகைக் காட்டித் திரும்பி, நிரூபாவின் மடியில் முழுப் பாரத்தையும் இறக்கினாள் றீற்றா.

அடியில் போன் விடாமல் அதிர்ந்தது.