கட்டிலுக்குக் கட்டில்

இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு கழன்று போயிருந்தது. விடுதி அறைக்குள் நுழைந்தவன் பெட்டியைக்கூடத் திறக்காமல் கட்டிலில் சாய்ந்தான். முதுகு நனைந்தது.

மெத்தையைத் தொட்டு விரலை முகர்ந்தான். வெயிலில் கிடந்த கறிக்கடைக் கழிவின் வாடை. சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் பிசுபிசுப்புப் போகவில்லை.

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வந்திருந்தான். இங்கிருந்து ஒருவன் அவனுடைய கல்லூரிக்குப் போவான், அவன் இங்கே வருவான். ஒரு செமஸ்டர், கட்டிலுக்குக் கட்டில். பாதியில் திரும்பினால் உதவித்தொகை ரத்து. அப்புறம் அப்பாவோடு செங்கல் சூளையில் மண் மிதிக்க வேண்டியதுதான்.

"மெத்தையை மாத்திக் குடுங்க சார்," என்று வார்டனிடம் கேட்டான்.

"வந்ததும் வராததுமா சொகுசா? வெயில்ல போடு, காயும்."

காய்ந்தது. வகுப்பு முடிந்து மதியம் வந்து பார்த்தால் மறுபடி ஈரம். தலை, தோள், இடுப்பு, கால் என்று ஓர் ஆள் படுத்து எழுந்த அச்சு. தலை இருந்த இடத்தில் மஞ்சளாகக் கொழுப்பு உறைந்து, ஈ மொய்த்தது.

தரையில் படுத்துக்கொண்டான். வாடை சோற்றிலும் ஏறியது. வாயில் வைத்ததைத் துப்பினான். கழிவறைச் சுவரின் விரிசலிலிருந்து புழு நெளிந்து இறங்கியது. துடைப்பத்தால் அள்ளிக் கொட்டினான். சூளையை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

ஒரு ஞாயிறு காய்ச்சல் அடித்தது. தரை குளிர்ந்ததால் கட்டிலின் ஓரத்தில் சுருண்டான்.

முதுகில் எதுவோ ஒட்டியது.

சில்லென்று, கொழகொழவென்று.

"கொஞ்சம் தள்ளிப் படேன்," என்று காதருகே ஒரு முனகல்.

வாந்தியெடுத்தபடி வெளியே ஓடினான். அவன் போட்ட கூச்சலில்தான் பிளம்பர் வந்து, கழிவறைக்குப் பின்னால் குழாய்கள் இறங்கும் குறுகலான சந்தின் கதவைத் திறந்தார். அடியில், குழாய்களுக்கு நடுவே, உருகிப்போய்க் கிடந்தான் அவனுக்குப் பதிலாகப் போக வேண்டியவன்.

"ஜன்னல்ல காயப்போட்ட துணிய எட்டி எடுக்கப் போய் விழுந்திருக்கான்," என்றார் பிளம்பர், மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு. "ஒருத்தருமா தேடல?"

"போயிட்டான்னு நெனைச்சோம்," என்றார் வார்டன். "பெட்டிகூட ஆபீஸ்லதான் கெடக்கு. மறந்துட்டுப் போயிட்டான்னு எடுத்து வச்சோம்."

அவன் போய்ச் சேர வேண்டிய கல்லூரியோ, அவன் மனசு மாறிக் கிளம்பவே இல்லை என்று விட்டுவிட்டது. கேட்பதற்குப் பெற்றவர்களும் இல்லை.

உடலை எடுத்துப் போனார்கள். புது மெத்தை வந்தது; அது நனையவில்லை. அவனுக்குச் சோறு இறங்க ஆரம்பித்தது. அந்த வாரமே ஒரு போன் வந்தது. சொந்தக் கல்லூரியில் அவனுடைய அறைத்தோழன்.

"டேய், உனக்குப் பதிலா வர்றவன் ஒருவழியா வந்துட்டான்டா."

"யாரு?"

"யாருக்குத் தெரியும். எந்நேரமும் உன் கட்டில்லயே கெடக்கான். குளிச்சு எத்தன மாசமோ, செத்த எலி தோத்துடும். எப்பப்பா கெளம்புவேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையாம். ஒரு செமஸ்டர் முழுசா பாக்கி இருக்காம்."