மூச்சைப் பிடித்துக்கொள்

அந்த ஒலிப்பதிவு முடிய வேண்டிய இடத்தில் முடியவில்லை.

இஸ்க்ராவுக்கு அது மனப்பாடம். லப் என்று ஒரு மூடல், அதன் பின்னால் மரத்தை ரம்பம் அறுப்பதுபோல் ஒரு கரகரத்த இரைச்சல், பிறகு தேய்ந்த டப். கடைசித் துடிப்புக்குப் பின் துணி உரசும் சின்னச் சத்தம் வரும். அதோடு சரி, மௌனம். அந்த மௌனம் வரும் கணத்தில் நிறுத்துவதற்கு அவள் விரல் தானாகவே மேசைக்கு வந்து நிற்கும். இன்றும் வந்து நின்றது. ஆனால் துணி உரசவில்லை. இன்னொரு துடிப்பு வந்தது. அதற்குப் பின் இன்னொன்று.

அவள் அவசரமாக நிறுத்தினாள்.

லேப்டாப் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் முகங்கள், ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கண்களைத் தாழ்த்திக்கொண்டு, கோயிலில் நிற்பவர்களைப்போல் அசையாமல் இருந்தன. பனியில் சாலை அடைபட்டுப்போகும் ஊர்களில் வேலை பார்க்கும் டாக்டர்கள், நர்சுகள், கடைசி வருஷ மாணவர்கள் சிலர். நகரத்துக்கு வந்து படிக்க முடியாத அவர்களுக்கு, ஒரு குழந்தையின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் என்ன கேட்கும், எதைக் கேட்டுப் பயப்பட வேண்டும் என்று குளிர்கால மாலைகளில் தன் வீட்டுக் கூடத்திலிருந்தே சொல்லிக்கொடுத்து வந்தாள் இஸ்க்ரா. குழந்தைகளின் இதய மருத்துவர் அவள்.

"என்ன கேக்குது உங்களுக்கு?" என்றாள் வழக்கம்போல.

"எங்க வீட்டுப் பூனையோட குறட்டைதான் கேக்குது, டாக்டர்" என்றார் அஸ்பாருக். மலையடிவாரத்து ஊர் ஒன்றில் தனியாளாக வைத்தியம் பார்ப்பவர். தலை நரைத்தவர். மடியில் எப்போதும் அந்தப் பூனை.

"முடியும்போது பூனைக்கும் சேர்த்து சான்றிதழ் கேப்பார் போல" என்றாள் வியாரா என்ற மாணவி.

"கேப்பேன். உன்னவிட அது நல்லாவே பாடத்தக் கவனிக்குது."

கட்டங்களில் சிரிப்பு ஓடியது. வியாரா சிரித்து முடித்து, சரியாகவே சொன்னாள். "பெருந்தமனி வால்வு சுருங்கியிருக்கு, டாக்டர். எட்டு ஒம்பது வயசுக் குழந்தையா இருக்கும்."

"சரி."

"அந்தக் குழந்தை இப்ப எப்படி இருக்கு?"

எந்த வகுப்பிலும் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் விட்டதில்லை. இஸ்க்ராவும் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தாள்.

"நல்லா இருக்கா."

அவள் மகள் நெவெனா இறந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. தலைநகர் சோபியாவில் இரண்டு முறை நெஞ்சைத் திறந்து மூடினார்கள். மூன்றாம் முறை திறந்தவர்கள் வெளியே வந்து, ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் பேசும் குரலில் இஸ்க்ராவிடம் பேசினார்கள். அதற்கு முன்பு ஒருநாள், தன் பரிசோதனை அறைக்கே மகளைக் கூட்டிப்போய், சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அவள் எடுத்த பதிவு அது. யாருடைய இதயம் என்று மாணவர்கள் யாருக்கும் தெரியாது.

வகுப்பு முடிந்ததும் விளக்கைப் போடாமலே உட்கார்ந்திருந்தாள். மாலைதான், ஆனாலும் டிசம்பர் மாத ருசே நகரம் ஆற்றிலிருந்து ஏறிவந்த பனிமூட்டத்துக்குள் முழுகிப்போயிருந்தது. தெருவில் ஒரு டிராலிபஸ் போக, மேலே அதை ஓட்டும் மின்கம்பி நீளமாக முனகியது. பால்கனிகளில் பீப்பாய் பீப்பாயாக ஊறும் முட்டைக்கோஸின் புளித்த வாசனை படிக்கட்டு வழியாக ஏறி, கதவுக்கு அடியில் நுழைந்து வந்தது. இந்தச் சத்தங்களுக்கும் வாசனைக்கும் அடியில், சுவருக்கு அப்பால் எங்கோ, எதுவோ ஒன்று சீராகத் தட்டிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. ஹீட்டர் குழாயாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் கணவன் கமென் டிராலிபஸ் ஓட்டுபவன். ஈரக் கம்பளிக் கோட்டின் வாசனையோடு வந்தான். ரொட்டியில் குடமிளகாய்த் தொக்கைத் தடவி, நின்றபடியே தின்றான். பிறகு பைக்குள்ளிருந்து நினைவஞ்சலித் தாள்களை எடுத்து மேசையில் வைத்தான். நெவெனாவின் படம், பெயர், கீழே 'இரண்டு ஆண்டுகள் நீ இல்லாமல்'.

"அச்சடிச்சு வாங்கிட்டேன். வாசக் கதவுல ஒண்ணு, பள்ளிக்கூடத்துக்கிட்ட ஒண்ணு. ஒட்ட நீயும் வர்றியா?"

"நீயே ஒட்டிடு." அவள் படத்தைப் பார்க்கவில்லை. "கமென், அந்தப் பதிவ நீ ஏதாவது பண்ணினியா?"

"எந்தப் பதிவ?"

"நீளமாயிருக்கு."

கமென் ரொட்டியைக் கீழே வைத்தான். "நான் அதத் தொடுவேனா? நீ அதப் போட்டாலே படிக்கட்டுல போய் நின்னுக்கிறேன். உனக்குத் தெரியாது?"

அவளுக்குத் தெரியாது.

"எடுத்துடு இஸ்க்ரா. வேற பதிவே கிடைக்காதா உனக்கு? ரெண்டு வருஷமா முன்னப்பின்ன தெரியாதவங்க முன்னாடி சட்டையத் தூக்கிட்டு உக்காந்திருக்கா நம்ம பொண்ணு. குளுருமேன்னு தோணலயா?"

"அது ஒண்ணுதான் கமென் இன்னும் துடிச்சுக்கிட்டு இருக்கு."

அவன் தட்டைக் கழுவப் போனான். ஒரே ஒரு தட்டு. தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வகுப்பில் அந்தப் பதிவைப் போடக்கூடாது என்றுதான் இருந்தாள். போட்டாள். முதல் துடிப்புக்கு முன்னால் ஒரு குரல் வந்தது.

"மூச்ச நல்லா இழுத்து அப்படியே பிடிச்சுக்கோ, செல்லம். அம்மா சொல்ற வரைக்கும் விடக்கூடாது."

அவளுடைய குரல். இரண்டு வருஷத்துக்கு முந்திய, இன்னும் எதையும் இழக்காத ஒருத்தியின் குரல். அதைத் தொடர்ந்து ஒரு சின்ன நெஞ்சு காற்றை இழுத்து நிரப்பிக்கொள்ளும் சத்தம்.

பாடத்துக்கு வேண்டாம் என்று அந்தப் பகுதியை அவளே வெட்டி எறிந்திருந்தாள். நன்றாக நினைவிருந்தது.

அன்று இரவு உணவுக்கு முன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுவதையும் கேட்க உட்கார்ந்தாள். மூச்சை விடச் சொன்ன இடம் எங்கே என்று தேடினாள். சொல்லியிருப்பாள், சொல்லாமல் இருப்பாளா? அன்றைக்கு நெவெனா பொத்தானைப் போட்டுக்கொண்டு, சூரியகாந்தி விதை வாங்கித் தா என்று நச்சரித்து, வழியெல்லாம் தோலைத் துப்பிக்கொண்டே வந்தாள். மூச்சு விடாத பிள்ளையா அப்படி வரும்? ஆனால் பதிவில் அந்த இடம் இல்லவே இல்லை. துடிப்பு. இரைச்சல். துடிப்பு. நிமிஷங்கள் போயின. காதுமடல் வலித்தது. பதிவு முடியவும் இல்லை, மூச்சு வெளியே வரவும் இல்லை.

ஒன்று மட்டும் மாறியிருந்தது. துடிப்பு முன்பைவிட வேகமாக இருந்தது.

மூன்றாம் நாள் கமெனுக்கு மாலை ஷிஃப்ட். கிளம்பும்போது தாள்களையும் பசைப் புட்டியையும் எடுத்துக்கொண்டு, வாசலில் கொஞ்சம் தயங்கி நின்றான். "இன்னிக்கு வேண்டாம்னு சொல்லிடேன். உடம்பு சரியில்லன்னு சொல்லு."

"ரோடு இல்லாத ஊர்லேருந்து கேக்குறாங்க கமென். அவங்க கையில நாளைக்கு ஒரு குழந்தை வரும்."

உண்மைதான். அதுவே முழு உண்மை இல்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அவன் போய்விட்டான்.

வகுப்பு தொடங்கியது. ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, எங்கே வைக்க வேண்டும் என்று தன் மார்பிலேயே தொட்டுக் காட்டினாள். பதிவைப் போட்டாள்.

கட்டங்களுக்குள் முகங்கள் மெல்ல நிமிர்ந்தன.

"டாக்டர்," என்றாள் வியாரா, "இது அதே குழந்தையா?"

"அதேதான்."

"இல்ல... ரொம்ப வேகமா இருக்கே. நடுவுல ஒண்ணு ரெண்டு தப்பிப் போகுது."

"பயந்திருக்கு" என்றார் அஸ்பாருக். அவர் குரலில் விளையாட்டு இல்லை. பூனை மடியிலிருந்து இறங்கிப் போயிருந்தது. "டாக்டர், நானும் ரொம்ப நேரமாக் கேக்குறேன். மூச்சுச் சத்தமே காணோம். பிடிச்சு வச்சிருக்கா இந்தப் பிள்ள. எவ்வளவு நேரம்தான் பிடிப்பா? யாராவது விடச் சொல்லுங்களேன்."

"இது பதிவுதான்" என்றாள் இஸ்க்ரா. "பழைய பதிவு."

"தெரியும், டாக்டர். ஆனாலும் கேக்க முடியல. நிறுத்திடுங்க."

அவள் நிறுத்தினாள்.

துடிப்பு நிற்கவில்லை.

மறுபடியும் அழுத்தினாள். திரையில் பதிவு அசையாமல் நின்றிருந்தது. பிறகு பதிவின் ஒலியை மட்டும் குறைத்தாள். முழுவதும் குறைத்தாள். இருந்தும் கேட்டது.

"உங்க பக்கம் யாரோ அதைப் போட்டிருக்கீங்க. எல்லாரும் மைக்க அணைங்க."

ஒவ்வொரு கட்டமாக மைக் அணைந்தது. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக வியாராவின் உதடுகள் மட்டும் அசைந்தன. அவள் மைக்கைத் திறந்துகொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"டாக்டர், அது உங்க வீட்டுலேருந்துதான் வருது. உங்க மைக் வழியாத்தான் எங்களுக்குக் கேக்குது."

இஸ்க்ரா ஹெட்போனைக் கழற்றி, அதன் வயரையும் லேப்டாப்பிலிருந்து பிடுங்கினாள்.

குழாய்ச் சத்தம் இல்லை அது. முதல் நாளே அவளுக்குத் தெரிந்திருந்தது. கூடத்தைத் தாண்டி, கோட்டுகள் தொங்கும் இருண்ட நடையைத் தாண்டி, அதன் கோடியில் இருந்த மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. மரத்தை அறுக்கும் கரகரப்பு. தேய்ந்த டப். லப். இப்போது மிக வேகமாக, ஓடி ஓடிக் களைத்துப்போன ஒன்றைப்போல், இடறி, எழுந்து, மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. தரைப் பலகை அவள் பாதங்களின் கீழ் அதற்கு ஒத்து அதிர்ந்தது. கமெனின் பழைய கோட்டு அவள் தோளில் உரசியபோது, அதன் பொத்தான்களும் சுவரில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன.

கைப்பிடி சில்லென்றிருந்தது.

நெவெனாவின் அறை. இரண்டு வருஷமாகத் திறக்காத கதவு. திறந்தாள்.

வண்ணப் பென்சில் வாசனை. இருமல் தைலத்தின் வாசனை. பிறகு, அறுவை அறைகளில் மட்டும் வரும் ஒரு வாசனை. தெருவிளக்கின் மஞ்சள் ஒளி பனியில் கரைந்து ஜன்னல் வழியே கட்டில்மேல் விழுந்திருந்தது.

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

முதுகு நேராக. கால்கள் தரையைத் தொடாமல். இரண்டு கைகளாலும் சட்டையை முகவாய் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு. நெஞ்சின் நடுவே தழும்பு. கன்னங்கள் உப்பியிருந்தன. உதடுகள் நீலம். உதடு மட்டுமல்ல. நகங்களும். காதுமடல்களும்.

கண்கள் மட்டும் உயிரோடு. அவை அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நெவெனா."

பதில் இல்லை. பேசினால் மூச்சு போய்விடும். அம்மா விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள். நெவெனா சொன்னதைக் கேட்கும் பிள்ளை. மயக்க ஊசி போடும்போதுகூட அழாமல் கையை நீட்டியவள்.

இஸ்க்ரா மண்டியிட்டாள். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினாள். உலோகத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கினாள், பழக்கத்தில். அந்த மார்பில் வைத்தபோது, மார்புதான் உலோகத்தைவிடக் குளிர்ந்திருந்தது.

அடியில் இதயம். அவளுக்கு மனப்பாடமான இதயம். அவள் வயிற்றுக்குள் முதன்முதலாகக் கேட்ட அதே இதயம், அவள் காதுக்குள் முட்டி மோதிக்கொண்டிருந்தது. இன்னும் துடிக்கிறது. இதோ. இன்னும்.

நெவெனாவின் கண்களில் நீர் கட்டி நின்றது. புருவங்கள் மெல்ல உயர்ந்தன. கேட்டாள், வாயைத் திறக்காமல், எந்தக் குழந்தையும் கேட்பதுபோல்.

இப்ப விடலாமா?

விடு என்றால் விட்டுவிடுவாள். நீளமாக, நிம்மதியாக. இரண்டு வருஷத்து மூச்சு. அதற்கப்புறம் என்ன கேட்கும் என்று இஸ்க்ராவுக்குத் தெரியும். டாக்டர் அவள். அந்த மௌனத்தை ஒருமுறை கேட்டவள்.

கூடத்திலிருந்து குரல்கள் வந்தன. "டாக்டர்? டாக்டர், என்னாச்சு? விடச் சொல்லுங்க, டாக்டர்." அஸ்பாருக்கின் குரல். யாரோ அழும் சத்தம்.

இஸ்க்ரா வாயைத் திறந்தாள். அந்தச் சொல் நாக்கின் நுனிவரை வந்தது. சின்னச் சொல். அதைச் சொன்னால் போதும்.

ஸ்டெதஸ்கோப்பை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம், செல்லம்" என்றாள். "இன்னும் கொஞ்சமே கொஞ்ச நேரம். அம்மாவுக்காக."

நெவெனாவின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கி, நீலம் பாரித்த கன்னத்தில் வழிந்தது. சரி என்று தலையை மெல்ல ஆட்டினாள். சட்டையை இன்னும் சற்று மேலே தூக்கிக்கொண்டாள். உதடுகளை இறுக மூடிக்கொண்டாள்.