தழும்புள்ள கன்னம்

மை பூசிய செம்புத்தகட்டிலிருந்து அச்சுத்தாளை உரித்துத் தூக்கியதும் ஹெர்லோஃப் பல்லைக் கடித்தான். தாளில் பதிந்த மனைவியின் முகத்தில் தழும்பு மறுபடியும் தப்பான கன்னத்தில் விழுந்திருந்தது.

கல்யாணமான வருடம் கொதித்த பால் தெறித்து, ஆல்ட்யேவின் இடது கன்னத்தில் நின்றுபோன தழும்பு அது. தகட்டில் கீறியது தாளில் இடவலம் மாறித்தான் விழும் என்பதால், செம்பில் அதை வலது கன்னத்தில் கீறியிருந்தான். தாளிலும் வலது கன்னத்திலேயே கிடந்தது. திருப்பிப் போட்டிருந்த கையெழுத்தும் திரும்பியபடியே.

வைத்தியன் கையை விரித்துவிட்டான். முகம் மண்ணுக்குப் போகுமுன் தாளிலாவது நிற்கட்டும் என்றுதான் இத்தனை பாடு. லைடன் நகரின் கால்வாய்க்கரை வீட்டில், ஆளி எண்ணெய் வாடையும் திராவக நெடியும் தொண்டையைக் கரிக்கிற பனிக்கால மாலையில், சுவருக்குள் பதித்த கட்டிலின் கதவிடுக்கிலிருந்து அவள் இருமல் ஈரமரத்தை அறுப்பதுபோல் வந்துகொண்டே இருந்தது.

"யோவ், மறுபடியும் தாளோட மல்லுக்கட்டா?"

"சும்மா படுடி. என் மூஞ்சில கரி பூசவே வந்திருக்கு இந்தத் தகடு."

"இருக்கிற மை பத்தலையாக்கும்."

சிரிப்பு இருமலில் முடிந்தது.

அவன் தகட்டில் உள்ளங்கையால் மையைத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, ஈரத்தாளும் கம்பளியும் போர்த்தி, அச்சு உருளையின் கைப்பிடிகளைக் காலால் உதைத்து இழுத்துச் சுற்றினான். தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. தாளை உரித்தான்.

வலது கன்னம்.

"நாசமாப் போக!"

தாளைக் கசக்கப் போனவன் நின்றான். இருமல் சத்தம் இல்லை.

"ஆல்ட்யே?"

"கொண்டாய்யா, பாப்போம்."

சளி கட்டாத குரல். கதவைத் திறந்தான். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வியர்வை இல்லை. இடது கையை நீட்டித் தாளை வாங்கினாள். அவள் இடது கையால் எதையும் வாங்கியதில்லை.

"சரியாத்தானே வந்திருக்கு. இதுக்கா இந்தக் குதி குதிச்ச?"

நிமிர்ந்து சிரித்தாள்.

தழும்பு வலது கன்னத்தில் இருந்தது.

முதுகுக்குப் பின்னால் இருமல் கேட்டது. ஈரமரத்தை அறுக்கிற அதே இருமல். திரும்பினான். யாருமில்லை. உருளை. கம்பளி. செம்புத்தகடு.

தகட்டின் மேல் மூச்சுப் பட்டதுபோல் பனித்திருந்தது. சட்டைக்கையால் துடைத்தான். போகவில்லை. அழுத்தித் துடைத்தான். போகவில்லை.

அது உள்பக்கம் படிந்திருந்தது.

கட்டிலில் அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

செம்புக்கு அடியிலிருந்து ஒரு விரல் அந்தப் பனியை மெல்லத் துடைத்தது. துடைத்த இடத்தில் ஒரு கண். அதன் கீழே, இடது கன்னத்தில், பால் தெறித்த தழும்பு.