மடுத்தண்ணீர்

மே 11, ஞாயிறு. இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். நுழைவாயில் குழாய்வரை நடக்கச் சோம்பல்பட்டு, மடுவிலேயே தண்ணீர் எடுத்துவிட்டேன்.

மாலை வகுப்பில் சொன்னபடி தினமும் நாட்குறிப்பு எழுதுகிற சின்னவள், கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து இவ்வளவும் எழுதினாள். ‘சின்ன’ என்பதை அடித்தாள். அடித்தது மிகையோ என்று தோன்ற, திரும்ப எழுதினாள்.

அவளும் அக்காவும் மதியம்தான் இந்த ஆற்றோர முகாமுக்கு வந்திருந்தார்கள். இரு பக்கமும் செங்குத்தான சிவந்த பாறை, நடுவே ஆறு. பாறை வளைகிற இடத்தில் மடு அசையாமல் பச்சையாகக் கிடந்தது. அதில் மட்டும் தண்ணீர் எடுக்காதீர்கள் என்று நுழைவாயில் காவலர் அவர்கள் உள்ளே வரும்போதே சொல்லியிருந்தார். சின்னவள் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதிக்கவிட்டுத்தான் தேநீர் போட்டாள். நாள்பட ஊறிய துணியின் வாடை எழுந்தது. அவளுக்கு வாய் வைக்கப் பிடிக்கவில்லை. அவள் பங்கையும் சேர்த்து அக்கா சொட்டு விடாமல் குடித்துவிட்டாள்.

இப்போது அக்கா நாக்கை வழித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நீள முடி.

“தலையில துணி கட்டிட்டு சமைன்னா கேக்கறியாடி?”

சின்னவளின் முடி காதைத் தாண்டாது. அக்காவுடையதும்தான்.

அக்கா இழுத்தாள். வந்தது. கொழகொழவென்று, அழுகின மீனின் பிசுக்கோடு, கொத்தாக வந்து மடியில் சுருண்டது. அக்கா ஓங்கரித்தாள்.

இன்னும் வந்தது.

சின்னவள் காவலரிடம் ஓடினாள். வடிகட்டியதையும் கொதிக்கவைத்ததையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். அவர் முகத்தைச் சுளித்தார்.

“கொதிச்சா உயிரோட இருக்கறது சாகும்மா. மடுவுல இருக்கறது செத்து ரொம்ப நாளாச்சு.”

முடியை அறுக்கக் கூடாதாம். எடுத்த தண்ணீரில் மிச்சமிருப்பதை நாளை பொழுது சாய்வதற்குள் மடுவிலேயே விட்டுவிட்டால், அது அவளை விட்டுவிடுமாம்.

பாத்திரத்தில் மிச்சமில்லை. இருப்பதெல்லாம் அக்காவின் வயிற்றில்.

திரும்பி வந்தபோது அக்கா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். உதட்டிலிருந்து இடுப்புவரை ஈர முடி கிடந்தது.

யாரோ அதைச் சிக்கெடுத்துப் பின்னியிருந்தார்கள்.

பின்னலின் அடியில் முடிச்சு. அக்காவின் பக்கத்திலிருந்து, கூடாரத்தின் வாசல்வரை, பச்சைத் தண்ணீரில் நனைந்த காலடித் தடங்கள்.

சின்னவள் மூக்கைப் பொத்திக்கொண்டு நாட்குறிப்பை எடுத்தாள். ‘சின்ன’ என்பதை அடித்தாள். இம்முறை திரும்ப எழுதவில்லை.

நாளைய வேலை: மிச்சத் தண்ணீரை மடுவில் விட வேண்டும். அக்காவை எழுப்பி, கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும்.