நீளமான நரம்பு

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கவனித்தாள், ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொன்று தெருவில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. கழன்றதும் தெரியவில்லை, வழியெல்லாம் கல் குத்தியதும் தெரியவில்லை. செருப்புப் பட்டறையில் வேலை பார்க்கிறவளுக்கே செருப்புக்குப் பஞ்சமா என்று தன்னைத்தானே கிண்டல் செய்து பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

கொஞ்ச நாளாகவே இப்படித்தான். தரை பஞ்சு மாதிரி இருந்தது. மாடிப்படி ஏறும்போது பின்னால் யாரோ ஈரத்துணியைப் படிக்குப் படி அடித்துக்கொண்டு வருகிற மாதிரி தப், தப் என்று ஒரு சத்தம் கேட்கும்; அவள் நின்றால் அதுவும் நிற்கும்; திரும்பினால் சுவரும் அவள் நிழலும் தவிர ஒன்றும் இருக்காது. அது தன் பாதம்தான், தூக்க முடியாமல் தரையில் விழுகிற தன் பாதம் என்று புரிந்த அன்று, பேய் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

புருஷன் போன பிறகு அவளைத் தூக்கி நிறுத்தியது அண்ணன். தன் பட்டறையிலேயே பசை அறையில் வேலை கொடுத்தான். காற்று பட்டால் அடிப்பாகத்தை ஒட்டுவதற்குள் பசை காய்ந்துவிடும் என்று அந்த அறையின் ஜன்னல்களைத் திறப்பதில்லை. தூசி பறக்கும் என்று மின்விசிறி கிடையாது, செருப்பையும் வெளியிலேயே விட வேண்டும். வேலை முடிந்ததும் பிசுக்குப் போக எல்லாரும் கரைப்பான் டின்னில் கையை முக்கிக் கழுவுவார்கள். அண்ணன் மட்டும் உள்ளே வரவே மாட்டான். கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசுவான். கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி வாசலிலேயே நிற்கிறாரே என்று பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

வேலைக்குச் சேரும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. தன் மகள் இந்தப் பட்டறைப் பக்கமே வரக்கூடாது. “அவ எனக்கும் பொண்ணுதான்மா” என்றான் அண்ணன். சொன்னபடியே மகளைக் கல்லூரி முடிந்து மாலையில் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்த்துவிட்டான். மகள் களைத்துப்போய்த் திரும்பும்போதெல்லாம் படிப்பு ஏறுகிறது என்று தாய்க்குப் பெருமை. வீட்டில் எப்போதும் பசை நாற்றம் அடித்தது. அது தன் சேலையிலிருந்து வருகிறது என்றே நினைத்திருந்தாள்.

மறுநாள் மருத்துவமனையில் டாக்டரம்மா ஊசியால் பாதத்தைக் குத்திக்கொண்டே வந்தாள். முழங்காலுக்குக் கீழே வரைக்கும் குத்துகிறது என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது. பசையின் ஆவி மூச்சு வழியாக ரத்தத்தில் கலக்கும், அதை வெளியே தள்ளத்தான் கல்லீரல் வேறொன்றாக மாற்றுகிறது, ஆனால் அந்த மாறின பொருள்தான் நிஜமான விஷம் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள். நரம்புக்குள் இழை இழையாக ஓடுகிறதை அது ஒன்றோடொன்று ஒட்டிவிடுமாம். ஒட்டின இடத்தில் நரம்பு வீங்கி, அதற்கு அப்பால் செத்துப்போகுமாம்.

“பாதத்துக்குப் போறதுதான் உடம்புலயே நீளமான நரம்பு. அதனால முதல்ல அங்கதான் ஆரம்பிக்கும். அப்புறம் கை. இன்னையோட அந்த வேலைய விட்டுடுங்க. விட்டாலும் மரப்பு கொஞ்ச மாசம் ஏறிட்டுத்தான் இறங்கும்.”

காப்பாற்ற நினைத்த உறுப்பே விஷத்தைக் காய்ச்சிக் கொடுத்திருக்கிறது. பாவம், அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாது, உடனே சொல்ல வேண்டும் என்று சுவரைப் பிடித்துப் பிடித்து அவன் வீட்டுக்குப் போனாள். அண்ணிதான் இருந்தாள். முன்பு பசை மேசையில் இவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள், போன வருஷம் முதுகுவலி என்று பெட்டி கட்டுகிற பகுதிக்கு மாறிப்போனவள். இவள் நடந்து வருவதைப் பார்த்ததுமே அண்ணியின் முகம் மாறியது.

“உனக்கும் வந்துடுச்சா? எனக்கு விரல் மரத்தப்பவே உங்கண்ணன் டாக்டர்கிட்ட காட்டி வெளிய எடுத்துட்டாரு. முதுகுவலின்னு சொல்லிக்கச் சொன்னாரு. உன்கிட்ட மட்டும் சொல்றேன்னாரே... சொல்லலையா?”

ஒரு வருஷம். மனைவிக்குத் தெரிந்தது தங்கைக்குத் தெரியக்கூடாது என்று கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். அழுகைகூட வரவில்லை. அண்ணன் இன்னும் பட்டறையில்தான் இருக்கிறார், அவசர ஆர்டர் என்று அண்ணி சொல்லி முடிப்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள்.

இருட்டத் தொடங்கியிருந்தது. பட்டறையின் முன்பக்கம் பூட்டியிருந்தது. சந்து வழியாகப் போனாள். பின்கதவு திறந்திருந்தது. தையல் இயந்திரங்கள் வரிசையாக மூடிக் கிடந்தன. பசை அறையில் மட்டும் விளக்கு. உள்ளே யாரோ மெல்லப் பாடிக்கொண்டிருந்தார்கள். தெரிந்த குரல்.

கதவைத் தள்ளினாள்.

அவளுடைய மேசை. அவளுடைய முக்காலி. மகள்.

உள்ளே பாய்ந்த வேகத்தில் கால் மடங்கியது. அவள் தரையில் விழுந்தாள். மகள் பதறித் திரும்பினாள். கையில் பசைத் தூரிகை இருந்தது.

“கோவிச்சுக்காதம்மா. கம்ப்யூட்டர் கிளாஸெல்லாம் இல்ல. மாமாதான் உன்கிட்ட சொல்ல வேணாம்னாரு. அம்மா பாரம் கொஞ்சம் குறையட்டும்னு...”

“எப்பருந்து?”

“அத்தை பசை மேசையிலருந்து எந்திரிச்சுப் போனாங்கல்ல, அப்பருந்துதான்.”

தரையோடு தரையாகக் கிடந்தாள். பார்வைக்கு நேரே முக்காலியின் கால்கள். அவற்றுக்கு நடுவே மகளின் வெறும் பாதங்கள். இடது குதிகாலுக்குக் கீழே சிவப்பாக ஒரு திட்டு. மகள் அதிலேயே மிதித்து மிதித்து அது பரவியிருந்தது.

ஆணி. செருப்புக்கு அடிக்கிற ஆணி. மகள் குதிகாலைத் தூக்கியபோது தெரிந்தது, தலைவரைக்கும் உள்ளே இறங்கியிருந்தது.

கை நீட்டினாள். பிடித்தாள். இழுத்தாள். சதை விட மாட்டேன் என்றது. பிறகு விட்டது. ரத்தம் மணிக்கட்டில் வழிந்தது.

மகள் மேலேயிருந்து குனிந்து கேட்டாள், “என்னம்மா, அங்க என்ன தேடுற?”