நூற்றுப் பதினேழாம் புள்ளி

முசரவாக்கத்துக்கு வெளியே கலைவாணன் பைக்கை நிறுத்தியபோது உச்சிவெயில். வருடம் 2004. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள போர்வெல்களையும் கிணறுகளையும் கம்ப்யூட்டர் வரைபடத்தில் ஏற்றுவது அவன் வேலை. ஒவ்வொன்றுக்கும் நேரில் போய், தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறதென்று டேப் விட்டு அளந்து, ஒரு புள்ளி வைக்க வேண்டும்.

நூற்றுப் பதினேழாம் புள்ளிக்கு அவன் போகவே இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே 'பாழும் கிணறு, மூடலாம்' என்று எழுதிவிட்டான். மேலே இருப்பவர்களுக்கு ஏட்டுச் சுரைக்காயே போதும். மூன்று வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, விடிகாலை ஐந்தரைக்குப் பொக்லைன் வந்து மண்ணைத் தள்ளி மூடியது.

அதன் பிறகு அந்தப் புள்ளி அழிய மறுத்தது. அழித்தால் மறுநாள் வந்து நிற்கும், பக்கத்தில் ஆழத்தோடு. அறுபது அடி. நாற்பத்தைந்து. இருபது. நேற்று பதினொன்று. புள்ளிகளை மாற்றும் பாஸ்வேர்டு அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

பயந்திருக்க வேண்டும். ஆனால் மரத்துப்போன காலைக் கிள்ளியது போல, ஒன்றுமே உறைக்கவில்லை.

மூடிய கிணற்றின் மண்மேட்டருகே ஒரு பெண் நின்றிருந்தாள். தூர் வாரும் தர்மனின் மனைவி காந்தா. தர்மனுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை தொடங்கும் நாளில், ஆட்கள் வருமுன் இருட்டிலேயே தனியாகக் கிணற்றில் இறங்கி, அடியில் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவான். அந்த வியாழக்கிழமை இந்தக் கிணற்றைத் தூர் வார எட்டு மணிக்கு ஆட்கள் வந்தபோது கிணறும் இல்லை, அவனும் இல்லை. கோவித்துக்கொண்டு பெங்களூருக்குப் போயிருப்பான் என்றார்கள்.

"சார், நீங்க மேப்பு ஆபீசுதானே? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மெஷின் ராத்திரியே வந்து மூடிட்ச்சா, இல்ல விடிகாலையா? எங்க ஊட்டுக்காரரு அஞ்சு மணிக்குக் கெளம்பினாரு."

அவளுக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான்.

"ராத்திரியேமா," என்றான் கலைவாணன். குரல்கூட நடுங்கவில்லை.

காந்தா இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்பாடா. அப்போ அவரு உள்ள எறங்கல. எங்கியோ உசுரோட இருக்கறாரு." வரப்பில் ஏறி நடந்தாள்.

மழை பெய்து மாதமாகிறது. ஆனாலும் மண்மேட்டில் அவன் காலடியிலிருந்து ஈரச் சேற்று வாடை எழுந்தது. கூடவே கற்பூர வாசனை.

அவன் செல்போனில் ஆபீசைக் கூப்பிட்டான். ஆபரேட்டர் ஜெயப்ரியா எடுத்தாள்.

"நூத்திப்பதினேழு இன்னா காட்டுதும்மா?"

"நாலு அடி சார்."

போனைக் காதிலிருந்து எடுக்காமல் காலடி மண்ணைப் பார்த்தான்.

"மூணு, சார். அங்க நின்னுக்கினு நீங்கதான் மாத்தறீங்களா?"

காந்தா இன்னும் கூப்பிடு தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தாள். ஒரு குரல் கொடுத்து, 'பொய் சொன்னேம்மா' என்றால் போதும். வாயைத் திறக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. திறக்கவில்லை.

"ஒண்ணு, சார்."

செருப்புக்கு அடியில் மண் மெல்ல அசைந்தது.

வரப்பில் காந்தா சட்டென நின்று திரும்பினாள். அவள் பார்வை அவன் முகத்தில் இல்லை, அவன் காலடியில் இருந்தது. முகமெல்லாம் மலர்ந்து, புருஷனிடம் மட்டும் பேசும் குரலில் பதில் சொன்னாள்:

"தோ, வந்துக்கினே இருக்கேன்யா."