சாம்பிள் ரூம் லைன்

எல்லோரையும் புது மெயிலுக்கு மாற்றியாகிவிட்டது. ஆனாலும் பழைய சர்வரின் திரையில் ஒரே ஒரு இணைப்பு மட்டும் விடாமல் நின்றுகொண்டிருந்தது.

ஸிந்துஜா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கம்பெனிக் கடைகளில் யாராவது கம்ப்யூட்டரை அணைக்காமல் போயிருப்பார்கள் என்று நினைத்தாள். மாதக்கணக்கில் இழுத்த வேலை அது. காஞ்சிபுரம் தலைமை அலுவலகம், தறிக்கூடங்கள், சாயப்பட்டறை, சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் இருந்த பட்டுக் கடைகள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களின் மெயிலைப் பழைய சர்வரிலிருந்து கிளப்பிப் புதியதில் குடிவைக்க வேண்டும். பாஸ்வேர்டை அடித்தால் புள்ளி புள்ளியாக வருகிறதே என்று பதறிப்போய்க் கூப்பிட்டவர்கள் உண்டு. பழைய மெயிலெல்லாம் எங்கே போய்த் தொலைந்தது என்று திட்டியவர்கள் அதைவிட அதிகம். வேலை அவள் ஒருத்திக்கு, திட்டும் அவள் ஒருத்திக்கு. கம்பெனி கொண்டுவந்த நவீன மாற்றம் என்று பத்திரிகைக்குப் போன புகைப்படத்தில் மட்டும் நிர்வாக மேனேஜர் மாணிக்கவேல் தனியாக நின்றார்.

கடைசிக் கட்டத்தைக் கருட சேவை அன்று வைத்துக்கொள்ளச் சொன்னவரும் அவர்தான். ஊரே தெருவில் இருக்கும், ஆபீஸ் லீவு, யாருக்கும் தொந்தரவு இல்லை. சின்ன காஞ்சிபுரத்தில் சன்னதித் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள் ஸிந்துஜா. அவள் அப்பா பெருமாளோடு பிரபந்தம் சொல்லிக்கொண்டு போகிற கோஷ்டியில் இருப்பவர். இத்தனை வருஷத்தில் அவள் தவறவிட்ட முதல் கருட சேவை இது. ஒரு வருஷம் சேவிக்காவிட்டால் பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று மாணிக்கவேல் சிரித்தபோது, அவளும் சிரித்து வைத்தாள். 2005-ல் அந்த ஊரில் சிஸ்டம்ஸ் படித்த பெண்ணுக்கு வேறு வேலை எங்கே இருந்தது?

மாலை வெயில் சாய்ந்திருந்தது. முதல் மாடியில் இருந்த சர்வர் ரூமில் ஏ.சி. ஈரத் துணி போல நாறியது. கீழ்த்தளத்தில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்த கச்சாப் பட்டு நூலின் புழுங்கிய வாடை, கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் படியேறி வந்து மூக்கருகில் உட்கார்ந்துகொண்டது. தெருவில் கூட்டம் கலைந்துபோகிற சத்தமும், பலூன்காரனின் பீப்பீயும், எங்கோ தொலைவில் நாகஸ்வரமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, சர்வரின் உறுமலுக்குள் கரைந்துபோயின.

அவள் அந்த இணைப்பின்மேல் அம்புக்குறியை வைத்து அழுத்தினாள். பெயர் வந்தது.

தீபிகா.



தீபிகா வெளிநாட்டுக்கு மாதிரிச் சேலைகளும் துணிகளும் அனுப்புகிற பிரிவில் இருந்தவள். கீழ்த்தளத்துக் கோடியில் இருந்த சாம்பிள் ரூமில் அவளுக்கு ஒரு மேஜையும் கம்ப்யூட்டரும் உண்டு. அவள் ஊர் செவிலிமேடு தாண்டிப் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஏதோ கிராமம். குடும்பத்தில் முதல் பட்டதாரி. வாய் ஓயாமல் பேசுவாள். ஸிந்துஜாவை அக்கா என்று கூப்பிட்ட ஒரே ஆள் அந்த ஆபீஸில் அவள்தான், மற்றவர்களுக்கெல்லாம் ஸிந்துஜா மேடம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் வேலை முடித்தவள் வீடு போய்ச் சேரவில்லை. அவள் செருப்பு ஆபீஸ் வாசலில் மறுநாளும் கிடந்தது. வேறு செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு எவனுடனோ போயிருப்பாள் என்றார்கள். போலீஸும் அதையே எழுதிக்கொண்டு போனது. கம்பெனியின் பதிவில் அவளுக்கு நேரே 'ஆப்ஸ்காண்டிங்' என்று போட்டார்கள். ராஜினாமா செய்தவரின் மெயிலை மூடலாம், செத்தவரின் மெயிலை மூடலாம், தலைமறைவானவளின் மெயிலை மூடச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. அதனால் அது மூடாமலே கிடந்தது. அதே மாதத்தில், சுவரில் ஈரம் ஏறுகிறது என்று சொல்லி மாணிக்கவேல் சாம்பிள் ரூமையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்.

தீபிகாவின் அப்பா கோதண்டபாணி நிலத்தில் வேலை இல்லாத நாளெல்லாம் வந்து ஆபீஸ் கேட்டுக்கு வெளியே நிற்பார். ஒருமுறை ஸிந்துஜாவை மடக்கிக் கேட்டார்.

"எம்பொண்ணு கம்ப்யூட்டர்ல எதுனா எழுதி வச்சிக்கினு இருந்தாளான்னு பாத்துச் சொல்றியாம்மா?"

"அடுத்தவங்க மெயிலை நாங்க திறக்கக் கூடாதுங்க. ரூல் அப்படி."

"ரூலுன்னா சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சண்டை போட்டிருக்கலாம். அந்த 'சரிம்மா' வெகுநாள் அவள் தொண்டையில் முள்ளாக நின்றது.

இப்போது அந்தப் பெயர் திரையில் உயிரோடு இருந்தது. எவனோ அவள் பாஸ்வேர்டைத் தெரிந்து வைத்துக்கொண்டு விளையாடுகிறான் என்று ஸிந்துஜா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சுவரோரம் இருந்த ஸ்விட்ச் பெட்டியிடம் போனாள். கட்டடத்தின் எல்லாக் கம்ப்யூட்டர் ஒயர்களும் வந்து சேருகிற இடம் அது. ஒவ்வொரு துளைக்கும் கீழே அவளே எழுதி ஒட்டிய சீட்டு. லீவு நாள் என்பதால் எல்லா விளக்கும் அணைந்து கிடந்தன. கீழ் வரிசையில் ஒன்று மட்டும் பச்சையாக மின்னியது. சீட்டில் மஞ்சள் ஏறியிருந்தது. அவள் கையெழுத்துத்தான். சாம்பிள் ரூம்.

அந்த ரூமுக்குக் கதவே இல்லை.

கம்ப்யூட்டரில் மெயில் மணி அடித்தது. மதியம் அவள் எல்லோருக்கும் ஒரு மெயில் அனுப்பியிருந்தாள்: மாலையோடு பழைய மெயில் நின்றுவிடும், அனைவரும் லாக் அவுட் செய்து வெளியே வந்துவிடவும். அதற்குப் பதில் வந்திருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். தீபிகா எப்போதும் அப்படித்தான் எழுதுவாள்.

'வெளிய வர முடியலக்கா.'

ஹெல்ப்டெஸ்க்குக்கு இதே வார்த்தையில் நூறு புகார் வந்திருக்கிறது. நூறு பேருக்கும் அவள் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறாள். இதற்கு என்ன சொல்வது? 

மேஜை போனை எடுத்து மாணிக்கவேலைக் கூப்பிட்டாள். கம்பெனி பேரில் போட்டிருந்த நீர்மோர்ப் பந்தலில் இருந்தார். ஒலிபெருக்கியின் இரைச்சலுக்கு நடுவே, தீபிகாவின் மெயில் திறந்திருக்கிறது, அதிலிருந்து பதில் வருகிறது என்று மட்டும் சொன்னாள்.  பிறகு இரைச்சல் குறைந்தது. எங்கோ தள்ளிப் போய்விட்டார் போலிருந்தது.

"அந்த ரூம்ல கம்ப்யூட்டரே இல்லியேம்மா" என்றார். "நீ கீழ போவாத. அங்கியே இரு. நான் வரேன்."

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மெயில் எந்த ரூமிலிருந்து வருகிறது என்று அவள் சொல்லவே இல்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். காவல்காரர் தேவசகாயம் கேட்டுக்கு வெளியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் கேட்டதற்கு, மேனேஜர் இப்போதுதான் செல்போனில் பேசினார், பந்தலில் ஆள் இல்லையாம், கேட்டைப் பூட்டிவிட்டு உடனே வரச் சொன்னார் என்றார். மேடமை அவரே வந்து வீட்டில் விடுவாராம். நல்ல மனுஷர் என்று வேறு சொல்லிவிட்டு ஏறி மிதித்தார். பூட்டைத் திறந்துவிட்டுப் போங்கள் என்று அவள் கத்தியது தெருச் சத்தத்தில் அவருக்கு எட்டவில்லை.

கரண்ட் போனது.

ஏ.சி. நின்றது. மின்விசிறி நின்றது. யு.பி.எஸ். மட்டும் பீப், பீப் என்று குரல் கொடுக்க, சர்வர் அதன் தயவில் ஓடியது. பச்சை விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. ஸிந்துஜா எமர்ஜென்சி லைட்டை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். பின்பக்கக் கதவு ஏதாவது திறந்திருக்காதா என்றுதான் இறங்கினாள். அவள் அப்படித்தான் நினைத்தாள்.

கீழே பட்டு நூல் வாடை முகத்தில் அறைந்தது. அதற்கு அடியில் வேறொன்று. பூசி வெகுநாளாகியும் காயாத சுண்ணாம்பின் வாடை. பின்கதவில் கனத்த பூட்டு தொங்கியது. அதை உலுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, வெளிச்சம் தரையோரம் ஓடிய நீல ஒயரின்மேல் விழுந்தது. கூடத்தின் சுவரை ஒட்டி, மூட்டைகளுக்குப் பின்னால், அது கோடிவரை போயிற்று.

ஒயர் அசைந்தது.

எலி என்று நினைத்தாள். எலிதான். நின்று பார்த்தாள். மறுபடி அசைந்தது. யாரோ அடுத்த முனையில் இருந்து, இருக்கிறாயா என்று கேட்கிற மாதிரி. மெல்ல. ஒரே ஒரு இழுப்பு.

ஓட வேண்டும் என்று கால் சொன்னது. ஓடுவதற்கு இடம் இல்லை. கோதண்டபாணி கேட்டுக்கு வெளியே நின்ற முகம் நினைவுக்கு வந்தது. அவள் ஒயரோடு கூடவே நடந்தாள். மூட்டைகளின் நிழல்கள் அவளோடு சேர்ந்து நகர்ந்தன. கோடியில் சுவர். மற்ற சுவரெல்லாம் பழுப்பேறி இருக்க, அது மட்டும் வெள்ளை. கீழே முழங்கால் உயரத்தில், கொத்தனார் பூசாமல் விட்ட ஒரு துளை. ஒயர் அதற்குள் போயிருந்தது.

மண்டியிட்டாள். லைட்டைத் தரையில் வைத்தாள்.

"தீபிகா."

 தன் மூச்சுச் சத்தம் மட்டும். ஒயரைப் பிடித்து லேசாக இழுத்தாள்.

உள்ளே இருந்து இழுபட்டது.

 அவள் ஒயரை விடவில்லை. ஏன் விடவில்லை என்று அவளுக்கே தெரியாது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். முதலில் இறுக்கமாக இருந்தது. பிறகு தளர்ந்தது. ஒயர் வழவழவென்று வெளியே வந்தது. முழம் முழமாக வந்தது. மடியில் குவிந்தது. முனையும் வந்தது.

அது எதிலும் செருகியிருக்கவில்லை. பிளாஸ்டிக் முனை மட்டும். அதில் பல்லால் கடித்த தடம். நீளமான முடி இறுக்கிச் சுற்றியிருந்தது. ஒரு சிக்கு இல்லாமல், பொறுமையாக, நேரம் நிறைய இருந்த ஒருத்தி சுற்றியது போல.

துளை இருட்டாக இருந்தது.

இருட்டு அசைந்தது.

ஒரு விரல் வெளியே வந்தது. சுண்ணாம்பு அப்பிய விரல். நகம் பாதியோடு நின்றிருந்தது. அது துளையின் விளிம்பைத் தடவியது. சுற்றிச் சுற்றித் தடவியது. போன ஒயரைத் தேடியது. அவசரம் இல்லை அதற்கு.



வெளியே கேட்டின் பூட்டு திறந்தது. இரும்பு உரசியது. கூடத்தின் வாசலில் டார்ச் வெளிச்சம் ஒன்று தரையை மேய்ந்தது.

"ஸிந்துஜாம்மா." மாணிக்கவேலின் குரல். மிருதுவாக. "கீழ போவாதன்னு சொன்னேனேம்மா."

விரல் நின்றது.

அந்தக் குரலை அதுவும் கேட்டிருந்தது. நுனியில் தொடங்கி அது நடுங்கியது. நடுங்கி நடுங்கிச் சுண்ணாம்பு உதிர்ந்தது. செருப்புச் சத்தம் மூட்டைகளுக்கு நடுவே நெருங்க நெருங்க, அது கீழே வளைந்து, துளைக்கு அடியில் சுவரில் ஊன்றியிருந்த ஸிந்துஜாவின் சுண்டுவிரலைத் தேடிக் கண்டுபிடித்து, பயந்த குழந்தை பிடித்துக்கொள்வதைப் போல இறுக்கிப் பிடித்துக்கொண்டது.